எச்-இண்டெக்ஸ் 26: ஒரு குழந்தைகள் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அது பெரிய எண்ணா?

நீங்கள் கேட்டது இது. உங்களுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக வரக்கூடிய ஒரு குழந்தைகள் ரேடியாலஜிஸ்ட்டின் (குழந்தைகளின் எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவர்) கூகுள் ஸ்காலர் பக்கத்தில் மொத்த மேற்கோள்கள், அதாவது மற்ற ஆய்வுக் கட்டுரைகள் இவருடைய கட்டுரைகளைக் குறிப்பிட்ட முறைகள், 2,900, எச்-இண்டெக்ஸ் 26 என்று இருக்கிறது. அதே கல்லூரியில் இதயநோய் ஆராய்ச்சி செய்பவருக்கு எச்-இண்டெக்ஸ் 60ஐத் தாண்டுகிறது. “அப்படியானால் இவர் சுமாரான ஆராய்ச்சியாளர்தானா, இவரிடம் சேருவது வீணா?” என்று எழுதியிருக்கிறீர்கள். இவருடைய வேலையால் மற்ற மருத்துவர்கள் செய்யும் வேலையில் ஏதாவது மாறியதா, அதை வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பல வருடங்களாகக் குழந்தைகளின் படங்களுக்கு ரிப்போர்ட் எழுதி வருகிறேன். ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து இத்தகைய பக்கங்களைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய இடத்திலும் இருந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றாடம் நோயாளிகளுக்கான வேலையையும் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்யும் ஒரு குழந்தைகள் ரேடியாலஜிஸ்ட்டுக்கு 26 என்பது என் கணிப்பில் நல்ல எண். இதயநோய்க்காரரின் 60உடன் அதை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. எச்-இண்டெக்ஸ் 26 என்றால், இவருடைய கட்டுரைகளில் 26 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 26 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதை முன்வைத்தார். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஓர் இயற்பியலாளர் நிரந்தரப் பணி பெற 12, முழுப் பேராசிரியராக 18 என்று தோராயமாகச் சொன்னார். உயிரியல் துறைகளில் எண்கள் இதைவிட மிக உயர்ந்து நிற்கும் என்பதையும் அவரே அந்தக் கட்டுரையில் காட்டியிருக்கிறார். துறைக்குத் துறை அளவு மாறும் என்பது இதைக் கண்டுபிடித்தவருக்கே தெரிந்திருந்தது. இன்னொன்று, இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆனவருக்கும் பழைய கட்டுரைகளின் புண்ணியத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் கட்டுரை எந்த ஆண்டு வந்தது என்று பார்க்காமல் 26ஐப் பற்றிப் பேசவே கூடாது.

துறை ஏன் சிறியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்புக்கு ஒரு மருந்தைச் சோதிக்க ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்க்க முடியும். எங்களிடம் வரும் பிறவிக் கோளாறுகளில் பலவற்றை ஒரு பெரிய மருத்துவமனையே பத்து வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்க்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நலமாக இருக்கும் குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றால் சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். இதனால் இருபது குழந்தைகள், முப்பது குழந்தைகள் என்ற அளவில்தான் பல கட்டுரைகள் வருகின்றன. எழுதுபவர்கள் குறைவு என்பதால் மேற்கோள் காட்டுபவர்களும் குறைவு. அமெரிக்காவில் சொசைட்டி ஃபார் பீடியாட்ரிக் ரேடியாலஜி தொடங்கப்பட்டது 1958இல். ‘பீடியாட்ரிக் ரேடியாலஜி’ என்ற தனி இதழ் வந்தது 1973இல்தான். ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளை மட்டும் கணக்கில் எடுக்கிறது. மெதுவாக, ஆனால் நீண்ட காலம் படிக்கப்படும் எங்கள் துறைக்கு இது நியாயம் செய்வதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் ஒருவருடைய உழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு ஓர் உதாரணம். திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைக்கு எம்.சி.யூ. படம் எடுக்கிறோம். மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில், எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது படம் பிடிக்கிறோம். மருந்து கீழே போகாமல் சிறுநீர்க்குழாய் வழியாக மேலே ஏறினால் அது ரிஃப்ளக்ஸ். குழாயோடு நின்றுவிட்டால் கிரேடு 1. சிறுநீரகம் வரை போய், எதுவும் விரிவடையாமல் இருந்தால் கிரேடு 2. விரிவு தொடங்கியிருந்தால் 3. அப்படியே போய், குழாய் நெளிந்து வளைந்து சிறுநீரகத்தின் உள்ளமைப்பே சிதைந்து தெரிந்தால் 5. “வலது பக்கம் கிரேடு 3” என்று நான் எழுதும் ஒரு வரியை வைத்துச் சிறுநீரக மருத்துவர் தொடர்ந்து மருந்து கொடுப்பதா, காத்திருப்பதா, அறுவை சிகிச்சைக்கு அனுப்புவதா என்று யோசிக்கத் தொடங்குகிறார். இந்த ஐந்து படிகளைச் சர்வதேச ரிஃப்ளக்ஸ் ஆய்வுக்காக வரையறுத்து 1985இல் ‘பீடியாட்ரிக் ரேடியாலஜி’ இதழில் வெளியிட்டவர்கள் ஐந்து பேர். முதல் பெயர் ராபர்ட் லெபோவிட்ஸ், பாஸ்டனின் குழந்தைகள் ரேடியாலஜிஸ்ட். உலகெங்கும் தினமும் எழுதப்படும் ரிப்போர்ட்களில் அந்தப் படிகள் இருக்கின்றன. ஆனால் ரிப்போர்ட்டின் அடியில் யாரும் மேற்கோள் பட்டியல் போடுவதில்லை. 1993இல் சாண்ட்ரா ஃபெர்ன்பாக்கும் இரண்டு சக ஆசிரியர்களும் சிறுநீரக வீக்கத்துக்கான அல்ட்ராசவுண்ட் கிரேடுகளை அதே இதழில் விளக்கிய கட்டுரைக்கும் இதே கதைதான்.

ஒரு கருத்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால், அதை முதலில் சொன்னவரைக் குறிப்பிடுவது நின்றுபோகும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எழுதியிருக்கிறார். எங்கள் துறையில் அதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே சொன்ன இரண்டு கட்டுரைகளும் நிறைய மேற்கோள் காட்டப்படுபவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை பயன்படும் அளவோடு ஒப்பிட்டால் அந்த மேற்கோள்கள் ஒரு துளி. அவற்றில் பெரும்பங்கு சிறுநீரக மருத்துவர்களிடமிருந்தும் சிறுநீரக அறுவை நிபுணர்களிடமிருந்தும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு ரேடியாலஜிஸ்ட்டின் கட்டுரையை ரேடியாலஜிஸ்ட்கள் மட்டுமே மேற்கோள் காட்டினால் அது துறைக்குள்ளான பேச்சு. நோயாளிக்குச் சிகிச்சை தருபவர் மேற்கோள் காட்டினால் அது வேறு எடை. நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

அடுத்தது காலம். இந்தத் துறையின் தந்தை என்று பலர் சொல்லும் ஜான் காஃபி, குழந்தை மருத்துவராகத் தொடங்கி நியூயார்க்கின் பேபீஸ் ஹாஸ்பிடலில் எக்ஸ்-ரே பக்கம் வந்தவர். குழந்தைகளின் எக்ஸ்-ரே பற்றிய அவருடைய பெரிய பாடநூல் 1945இல் வந்தது. 1946இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மூளையைச் சுற்றி நாட்பட்ட இரத்தக்கட்டு இருந்த ஆறு குழந்தைகள். அவர்களுடைய கை கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள். அடிபட்டதாக எந்த வீட்டாரும் சொல்லவில்லை. முறிவுகள் அடியால் வந்தவைதான் என்று காஃபி எழுதினார். யாரையும் விரல் நீட்டவில்லை. 1953இல் ஃபிரெடெரிக் சில்வர்மன் அந்த வழியில் இன்னும் ஓரடி போனார். 1962இல் ஹென்ரி கெம்பியின் குழு, சில்வர்மனையும் சேர்த்துக்கொண்டு, வீட்டிலேயே அடித்துத் துன்புறுத்தப்படும் குழந்தைகளைப் பற்றி ‘ஜாமா’ இதழில் எழுதியபோதுதான் மருத்துவ உலகமும் சட்டம் இயற்றுபவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். 1960களின் இறுதிக்குள் அமெரிக்க மாநிலங்கள் இத்தகைய சந்தேகங்களைப் புகார் செய்யவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டன. ஆறு குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை தன் வேலையைச் செய்து முடிக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின. ஐந்து ஆண்டு மேற்கோளை வைத்துப் பதவி உயர்வு தரும் எந்தக் குழுவும் இதைப் பிடித்திருக்காது.

காஃபியே 1970களில் குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதால் வரும் மூளைக் காயத்தைப் பற்றி எழுதினார். அந்த வரிசைக் கட்டுரைகளுக்கு இன்றும் மேற்கோள்கள் வருகின்றன. ஆனால் ஆமோதிப்பவர்களும் மறுப்பவர்களும் அவற்றில் கலந்திருக்கிறார்கள். வெவ்வேறு நாட்களில் ஆறிய பல முறிவுகள் இருந்து, அதற்கு விளக்கம் இல்லையென்றால் விசாரித்தே ஆகவேண்டும் என்பது உறுதியான விஷயம். மூளை இரத்தக்கட்டு, விழித்திரை இரத்தக்கசிவு, சுயநினைவு மங்கல் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக் குலுக்கினார்கள் என்று தீர்ப்புச் சொல்லலாமா என்பது நீதிமன்றங்கள் வரை போய் இன்னும் முட்டிமோதும் விவாதம். மேற்கோள் எண் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

கை எக்ஸ்-ரே வைத்து எலும்பு வயது, அதாவது எலும்பின் வளர்ச்சி எந்த வயதுக்குரியது என்று, பார்க்கும் குரூலிக்–பைல் அட்லஸுக்கும் இது பொருந்தும். அதன் இரண்டாம் பதிப்பு 1959இல் வந்தது. இன்றும் ரிப்போர்ட் அறைகளில் இருக்கிறது. அதிலுள்ள படங்கள் 1930களில் தொடங்கி கிளீவ்லாந்தில் வளர்ந்த வெள்ளையின, வசதியான குடும்பத்துக் குழந்தைகளுடையவை. ஆகவே அதை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் கணிசமானவை “இது எங்கள் குழந்தைகளுக்குப் பொருந்துகிறதா?” என்று சோதிப்பவை, சில இனங்களில், சில வயதுகளில் பொருந்தவில்லை என்று முடிவு சொல்பவையும் அவற்றில் உண்டு. அண்மைக்காலத்தில் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. 2017இல் வட அமெரிக்க ரேடியாலஜி சங்கம் 14,000க்கும் மேற்பட்ட கை எக்ஸ்-ரேக்களை வைத்து எலும்பு வயதுக்கான கணினிப் போட்டி நடத்தியது. அதன் பிறகு கணினித் துறையினர் இந்தப் பக்கம் மேற்கோள்களைக் குவிக்கிறார்கள். அவர்களுக்கு அது கணினி மாதிரியைப் பயிற்றுவிக்கும் தரவு. குழந்தையின் சிகிச்சையில் என்ன மாறியது என்பது அவர்கள் கேட்கும் கேள்வி அல்ல. எண் திடீரென்று 2018க்குப் பிறகு எகிறியிருந்தால், யார் எகிற வைத்தார்கள் என்று பாருங்கள்.

கதிர்வீச்சு அளவைப் பற்றிய கதையை நான் எப்போதும் மாணவர்களுக்குச் சொல்வேன். 2001 பிப்ரவரியில் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ரோண்ட்ஜெனாலஜி’யில் அடுத்தடுத்து சில கட்டுரைகள் வந்தன. ஒன்றில் டேவிட் பிரென்னர் குழு ஒரு கணக்குப் போட்டது. அமெரிக்காவில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 6,00,000 தலை, வயிற்று சி.டி. ஸ்கேன்கள் எடுக்கப்படுகின்றன; இவர்களில் தோராயமாக 500 பேர் அந்தக் கதிர்வீச்சால் வரும் புற்றுநோயால் பின்னாளில் இறக்கக்கூடும் என்பது கணக்கு. அதற்குப் பக்கத்திலேயே பேட்டர்சன், ஃபிரஷ், டோனெல்லி ஆகியோரின் சிறிய கட்டுரை. வெளி மருத்துவமனைகளிலிருந்து வந்த குழந்தைகளின் சி.டி. படங்களை எடுத்து, அவற்றில் பதிவாகியிருந்த டியூப் கரண்ட்டை, அதாவது கதிர்வீச்சைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்கைப் பார்த்தார்கள். கைக்குழந்தையோ பெரிய பையனோ, வயதுக்கேற்பக் குறைக்கப்படவே இல்லை. முதல் கட்டுரை செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குப் போனது, மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில். இரண்டாவதற்கு வந்தவை அதைவிட மிகக் குறைவு. ஆனால் மறுநாள் காலை மெஷின் முன் நின்ற டெக்னீஷியன் எந்த எண்ணைக் குறைக்கவேண்டும் என்று சொன்னது அந்த இரண்டாவது கட்டுரைதான். 2008இல் தொடங்கிய ‘இமேஜ் ஜென்ட்லி’ இயக்கம் அந்தப் பாடத்தைத்தான் உலகெங்கும் கொண்டுபோனது.

இதிலும் உறுதியானது ஒன்று, சந்தேகமானது ஒன்று. குழந்தைக்குத் தேவையான அளவுக்கு மேல் கதிர்வீச்சு கொடுக்கக்கூடாது, பெரியவர்களின் செட்டிங்கில் எடுக்கக்கூடாது என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. 500 என்ற எண் அப்படியல்ல; அது ஜப்பானிய அணுகுண்டுத் தாக்குதலில் தப்பியவர்களின் தரவிலிருந்து நீட்டிப் பெறப்பட்ட மதிப்பீடு. 2012இல் பியர்ஸ் குழு ‘லான்செட்’டில் பிரிட்டனில் சி.டி. எடுக்கப்பட்ட சுமார் 1,78,000 இளம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் கதிர்வீச்சு அளவோடு சேர்ந்து ஏறுவதைக் காட்டியது. கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில்தானே சிலருக்கு ஸ்கேனே எடுத்தார்கள் என்ற மறுப்பும் எழுந்தது. சிறிதளவு ஆபத்து இருக்கிறது என்ற திசையைத்தான் நான் நம்புகிறேன். துல்லியமான எண்ணிக்கையை யார் சொன்னாலும் எச்சரிக்கையோடு கேட்பேன்.

பிரென்னர் கட்டுரையின் கடைசி ஆசிரியர் வால்டர் பெர்டன். கொலம்பியாவின் குழந்தைகள் ரேடியாலஜிஸ்ட். அவருடைய பெயரில் அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் முன்வரிசையில் நிற்பது அதுதான். ஆனால் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் பெர்டன் என்று சொல்லிப்பாருங்கள். சிறுநீர்ப்பை பெருத்து, பெருங்குடல் சுருங்கி, குடல் அசையாமல் பிறக்கும் குழந்தைகளின் நோய்க்கூட்டு அவர் நினைவுக்கு வரும். 1976இல் ஐந்து பெண் குழந்தைகளைப் பார்த்து பெர்டன் குழு விவரித்தது. இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். மேற்கோளில் பின்தங்கிய அந்தக் கட்டுரை முழுக்க முழுக்கக் குழந்தைகள் ரேடியாலஜியின் வேலை.

இதிலிருந்து அடுத்த விஷயம், பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பது. பெரிய புற்றுநோய் ஆய்வுகளிலும் தடுப்பூசி ஆய்வுகளிலும் படங்களை ஒரே மையத்தில் வைத்து மறுபடி படிப்பது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை. அதற்காக முப்பது ஆசிரியர்களில் நடுவில் ஒரு பெயராக வந்தால், அந்த ஒரே கட்டுரை ஆயிரம் மேற்கோள்களைச் சேர்த்துவிடும். அது கேவலமில்லை, அந்த உழைப்பு இல்லாமல் ஆய்வே நிற்காது. நிமோனியா என்று எந்த எக்ஸ்-ரேயைச் சொல்வது என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக வகுக்கப்பட்டு 2005இல் வெளியான வரையறை இல்லாமல் பிந்தைய பல தடுப்பூசி ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கவே முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு: நூற்றுக்கணக்கான ஸ்கேன்களைப் படித்துக் கொடுத்துவிட்டு நன்றியுரையில் ஒரு வரியோடு போனவர்கள். முதல் பெயர் பொதுவாக வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் அதை வழிநடத்தியவருடையது. எனவே முதல் பெயராகவும் கடைசிப் பெயராகவும் வரும் கட்டுரைகளைத் தனியாக எண்ணிப்பாருங்கள்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்காதீர்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் இன்னும் வெளிவராத கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்துக்கொள்ளும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மற்ற மேற்கோள் தளங்கள் வடிகட்டும். அதனால் அங்கே எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஒரே பெயரும் இனிஷியலும் உள்ள இருவருடைய கட்டுரைகள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது சகஜம். தலைப்புகளை ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீங்கள் செய்யவேண்டியது ஒரு மாலை நேரத்து வேலைதான். அவருடைய அதிக மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய சில கட்டுரைகளைத் திறந்து, எந்த வாக்கியத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். “குழந்தைகளில் சி.டி. பயன்பாடு பெருகியுள்ளது” என்று முன்னுரையில் எட்டுக் கட்டுரைகளோடு ஒன்றாகப் போட்டிருந்தால் அது சும்மா தலையாட்டல். “படங்களை இன்னார் வகுத்த முறைப்படி தரம் பிரித்தோம்” என்று செய்முறைப் பகுதியில் இருந்தால், அவர் செய்தது இன்னொருவர் கையில் கருவியாகிவிட்டது. “இன்னாரின் முடிவு எங்கள் நோயாளிகளிடம் பொருந்தவில்லை” என்றிருந்தால், அவர் ஏதோ சோதிக்கத்தக்க விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், அதுவும் மதிப்புள்ளதே. செய்முறைப் பகுதியில் ஒரு மேற்கோளை முன்னுரையின் பத்துக்கு மேலாக நான் எடைபோடுவேன். துறைக்கேற்பச் சரிசெய்த எண் வேண்டுமென்றால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் விகிதம் இலவசமாகக் கிடைக்கும். அந்த நிறுவனங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுத்தர அளவை 1.0 என்று வைத்து, அதே துறையோடு ஒப்பிட்டுச் சொல்லும். இதயநோயோடு மோதவிடுவதைவிட இது எவ்வளவோ நியாயம்.

இவ்வளவும் பார்த்தாலும் தெரியாதவை உண்டு. பிறந்த குழந்தையின் நெஞ்சு எக்ஸ்-ரேயைப் பார்த்த மாத்திரத்தில் சுவாசத்துக்காகச் செருகிய குழாய் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லி உயிர் காப்பவர்களில் பலருக்கு எச்-இண்டெக்ஸ் ஒற்றை இலக்கம். மாணவருக்கு நேரம் ஒதுக்குவாரா, முதல் ஆசிரியர் இடத்தைக் கொடுப்பாரா என்பதும் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் ஒரு தடயம் உண்டு: அவர் கடைசிப் பெயராக இருக்கும் கட்டுரைகளில் முதல் பெயர்கள் மாறிக்கொண்டே வருகின்றனவா, அந்தப் பெயர்கள் பிற்பாடு தனியாகவும் எழுதுகின்றனவா என்று பாருங்கள். அவர்களில் இருவரிடம் நேரில் பேசுங்கள். நான் சொன்ன எல்லாவற்றையும்விட அது உபயோகமாக இருக்கும்.

அவர் பெயரைப் பொதுவெளியில் போடவேண்டாம். முதல் கட்டுரை வந்த ஆண்டு, முதல் ஐந்து கட்டுரைகள் எதைப் பற்றியவை, அவற்றில் அவர் எத்தனையாவது ஆசிரியர் என்ற மூன்று விவரங்களை மட்டும் கீழே எழுதுங்கள். 26 எதனால் ஆனது என்று சேர்ந்து பார்ப்போம்.